உபின் தீவுக்கு இரண்டு பயணம், இரண்டு கணக்கு

கணக்கு எழுதுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டாக வரவு செலவு பார்க்கிறேன். கோப்பிக் கடையில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கினாலும் சில்லறையை எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். ஆகவே ஒரு சுற்றுலா நிறுவனம் "உங்கள் பயணம் உள்ளூர் மக்களை வாழவைக்கும்" என்று விளம்பரத்தில் போட்டால், யாரை, எவ்வளவு என்று கேட்கத் தோன்றுவது என் குற்றமில்லை.

ஜூன் பள்ளி விடுமுறையில் மகள் கைப்பேசியில் பார்த்துச் சொன்ன பயணம் அது. சிங்கப்பூரின் வடகிழக்கில் இருக்கும் புலாவ் உபின் தீவில் காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை நடை, வழிகாட்டி, மதிய உணவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 98 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூத்தோருக்குச் சலுகை கிடையாது. நான், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், எழுபத்தாறு வயது அம்மா என மூவருக்கு 294 வெள்ளி. விளம்பரப் பக்கத்தில் 'நீடித்த நிலைத்தன்மை' என்ற சொல் நான் எண்ணியவரை ஏழு இடத்தில் இருந்தது.

இந்தச் சொல்லுக்கு இங்கே கிராக்கி கூடியதற்குக் காரணம் உண்டு. உலக நீடித்த சுற்றுலா மன்றம் என்ற அமைப்பின் அளவுகோல்படி 2023-ல் சிங்கப்பூர் சான்றிதழ் பெற்றது. ஒரு நாடே முழுசாக அப்படிப் பெற்றது அதுவே முதல்முறை. அந்த அளவுகோலில் நான்கு பகுதிகள்: நிர்வாகம், உள்ளூர் மக்களின் வாழ்வும் வருமானமும், பண்பாடு, சுற்றுச்சூழல். நான்காவதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். மரமும் பறவையும் படத்துக்கு நன்றாக வரும். இரண்டாவதைப் படம் பிடிக்க முடியாது, கணக்குதான் போடவேண்டும். யாரும் போடக் காணோம், நானே போட்டேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே மாதிரிப் பயணம் நடத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒருவரை மட்டும் நடுத்தெருவில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை காலை சாங்கி முனைப் படகுத்துறையில் கூடினோம். நாங்கள் மூவர், ஒரு பிரெஞ்சுத் தம்பதி, ஒரே அலுவலகத்திலிருந்து வந்த ஆறு பேர் என மொத்தம் பதினொருவர். வழிகாட்டியோடு பன்னிரண்டு. பம்போட் என்ற சிறு மோட்டார் படகுக்கும் பன்னிரண்டு பேர்தான் கணக்கு. ஆள் நிறைந்தால் படகு கிளம்பும். நிறையாவிட்டால் காத்திருக்கவேண்டும், அல்லது காலி இடத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கவேண்டும். நாங்கள் வரிசையில் நிற்காமல் ஏறிவிட்டோம். டீசல் புகை மூக்கில் ஏறியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தலைசுற்றுகிறதோ என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"இல்ல தம்பி, செம்பவாங் வாடை" என்றார்.

அம்மா பிறந்து வளர்ந்தது செம்பவாங் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது பழைய பாணிக் கிராமத்தில். தாத்தா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். 1971-ல் வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்தபோது அம்மாவுக்குத் திருமண வயது. பிறகுதான் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு. இன்றைக்கும் பங்குனி உத்திரத்துக்குப் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனால் பழைய கம்பத்து ஆட்களைத் தேடித் தேடிப் பேசுவார். கோயிலும் செம்பவாங்கிலிருந்து ஈசூனுக்கு வந்ததுதான். அவரை உபினுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வழிகாட்டி இளைஞர், உரிமம் பெற்றவர், விஷயம் தெரிந்தவர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலாய் மொழியில் 'பத்து உபின்' என்றால் கருங்கல், தீவின் பெயரே அதிலிருந்து வந்தது என்று தொடங்கினார். ஹார்ஸ்பர்க் கலங்கரைவிளக்கத்துக்குக் கல் இங்கிருந்துதான் போனதாம். சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்க 1924-ல் திறந்த ஜோகூர் கடற்பாலத்துக்கும் உபின் கல் போயிருக்கிறது. "அப்போ உங்க தாத்தா ஜோகூருக்கு சைக்கிள்ல போனது இந்தக் கல்லு மேலயா?" என்று அம்மா என்னைக் கேட்டார். ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். கடைசிக் கல்லுடைப்பு 1999-ல் நின்றது. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்து இன்று அவை ஏரி. பெக்கான் குவாரி ஏரியின் நடுவில் இருக்கும் மரங்களில் கொக்குகளும் நாரைகளும் குடியிருக்கின்றன.

தீவின் கிழக்கு முனைக் கடற்கரையான செக் ஜாவாவின் கதையை அவர் சொன்ன விதம் இன்னும் நன்றாக இருந்தது. 2001-ல் அந்தக் கரையை மண் கொட்டி நிரப்பத் திட்டம் தயாராக இருந்தது. தன்னார்வலர்கள் வற்றுக் கடலில் இறங்கி, என்னென்ன உயிர் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். 2002 ஜனவரியில் திட்டத்தைத் தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. நாங்கள் நடந்த மரப்பாலம் 2007-ல் திறந்தது. நட்சத்திர மீன் ஒன்றை மகள் பாலத்திலிருந்தே பார்த்துவிட்டாள். சுமார் 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தின் உச்சியில் இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தது. தீவில் ஒருகாலத்தில் காணாமல் போயிருந்து 1994-ல் மறுபடி தென்பட்ட பறவை அது. நுழைவாயில் அருகே 1930-களில் ஒரு வெள்ளைக்காரர் தமக்குக் கட்டிக்கொண்ட ஆங்கிலப் பாணி வீடு நிற்கிறது, உள்ளே குளிர்காயும் அடுப்போடு. "சிங்கப்பூர்ல எதுக்குப்பா?" என்றாள் மகள். வழிகாட்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதுவரை 98 வெள்ளியை நான் முணுமுணுக்காமல் ஒப்புக்கொள்வேன்.

இனிமேல்தான் சங்கடம். படகிலிருந்து இறங்கியதும் படகுத்துறைக் கடைத்தெரு வழியாகப் போனோம். சைக்கிள் வாடகைக் கடைகள், பானக் கடை, கடல் உணவுக் கடை, சீனக் கோயில், அதற்கு எதிரே நாடக மேடை. அங்கே எங்களுக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிடம், அதுவும் கழிப்பறைக்காக. "சாப்பிட எதுவும் வாங்கவேண்டாம், நாங்கள் தருகிறோம்" என்று வேறு சொன்னார் வழிகாட்டி. பானக்கடைக்காரர் இளநீர்க் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எதிர்பார்ப்பே இல்லை. இந்த மாதிரிக் கூட்டத்தை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

பகல் சாப்பாடு ஒரு பந்தலின் கீழ். காகிதப் பெட்டி, மரக் கரண்டி, உள்ளே சைவம். சுவையாகவே இருந்தது. பெட்டியின் அடியில் இருந்த ஒட்டுச்சீட்டைப் பார்த்தேன் (பழக்கதோஷம்). எங்கோ ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும் சமையற்கூடத்தில் சமைத்தது. கடல் தாண்டி வந்த சோற்றைக் கடல் தாண்டி வந்தவர்கள் தின்றோம். நாங்கள் சாப்பிட்ட இடத்துக்கும் தீவுக்காரர் அடுப்புக்கும் நடக்கிற தூரம்.

அதைவிட மோசமானது பிறகு நடந்தது. திரும்பும் வழியில் ஒரு கம்பத்து வீட்டின் முன் நிறுத்தினார்கள். தகரக் கூரை, பச்சைச் சன்னல், வேலியில் செம்பருத்தி, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. "உண்மையான கம்பத்து வாழ்க்கை" என்றார் வழிகாட்டி. அலுவலகக் கூட்டத்தில் இருவர் வேலி ஓரம் போய் நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் கொடித் துணி படத்தில் விழவேண்டும் என்பதற்காகக் குனிந்து நிமிர்ந்து பார்த்தார். உள்ளே யாரோ வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் சட்டென்று நின்றது.

அம்மா நகர்ந்துபோய்ச் சாலையின் மறுபுறம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"என்னம்மா, கால் வலிக்குதா?"

"எங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் இப்படி வந்து நின்னிருந்தா எங்கப்பா வெளக்கமாத்த எடுத்திருப்பாரு. யாரையாச்சும் பாக்கப் போனா குரல் குடுக்கணும். பேரு சொல்லணும். இது என்ன, மிருகக்காட்சிசாலையா?"

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் 'கம்பத்து வீடு, ஐந்து நிமிடம்' என்று எழுதியிருக்கும். சிங்கப்பூர்ப் பெருந்தீவின் வடகிழக்கில், அதன் கடைசிக் கம்பமான லோரோங் புவாங்கோக்கிலும் இப்படித்தான் ஆட்கள் கேமராவோடு நுழைகிறார்கள். வீடு பழசானால் அது பொதுச்சொத்து என்று எப்படியோ ஒரு நினைப்பு நமக்கு வந்துவிட்டது. ஈசூனில் என் வீட்டு வாசலில் யாராவது நின்று 'உண்மையான வீவக வாழ்க்கை' என்று படமெடுத்தால் நகர மன்றத்துக்குத் தொலைபேசி அடிப்பேன்.

மூன்று மணிக்குக் கரை திரும்பியதும் ஆளுக்கொரு துணிப்பையும் மின்னஞ்சலில் ஒரு சான்றிதழும் தந்தார்கள். 'உங்கள் பெயரில் ஒரு கண்டல் நாற்று நடப்பட்டது.' எங்கே நட்டார்கள் என்று மகள் கட்டக்குறியை (கியூஆர் குறி) வருடிப் பார்த்தாள். வேறு நாடு. உபினிலேயே கண்டல் மரங்கள் வளரும் சதுப்புநிலக் காட்டை மீட்கும் வேலை நடக்கிறது என்பதை அன்று காலை எங்களுக்குச் சொன்னவரே அந்த வழிகாட்டிதான். கைவிடப்பட்ட இறால், மீன் குட்டைகள் இருந்த இடங்களில் சும்மா நாற்று நட்டுவிட்டு வந்தால் பிழைக்காது. முதலில் அலைநீர் உள்ளே வந்து போகும் வழியைச் சரிசெய்யவேண்டும், சரியானால் விதைகள் தாமே வந்து ஊன்றிக்கொள்ளும் என்பது அங்கு பின்பற்றும் முறை. பொறுமையான வேலை, சான்றிதழ் அச்சடிக்க ஏற்றதல்ல.

அன்று இரவு கணக்குப் போட்டேன். செலுத்தியது 294 வெள்ளி. இதில் பம்போட்டுக்கு ஆளுக்கு நாலு வெள்ளி, போகவர எட்டு, மூவருக்கு 24. தீவில் நாங்களாக எதுவும் வாங்கவில்லை, வாங்க விடவுமில்லை. நூற்றுக்கு எட்டு வெள்ளி படகுக்காரர்களுக்கு. தீவில் வாழ்பவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை. மீதி 270 வெள்ளியில் வழிகாட்டியின் கூலி நியாயமான செலவு. சாப்பாடு, காப்புறுதி, அலுவலக வாடகை, லாபம் எல்லாமும் அதற்குள்தான். ஒரு நிறுவனம் லாபம் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, என் சம்பளமும் ஒரு நிறுவனத்தின் லாபத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் 'உள்ளூர் மக்களை வாழவைக்கும்' என்ற வரியை என் மேசைக்கு யாராவது கொண்டுவந்திருந்தால் ரசீது எங்கே என்று திருப்பி அனுப்பியிருப்பேன். சுற்றுலாப் பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் கசிவு என்பார்கள். பயணி கொடுத்த பணம் அந்த ஊரில் தங்காமல் வெளியே ஒழுகிப்போவது. பெரிய விடுதிகள் நிறைந்த கடற்கரை நாடுகளைப் பற்றிச் சொல்லும்போது வழக்கமாக வரும் சொல். பத்து நிமிடப் படகுப் பயணத்திலும் அது நடக்கும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். சாப்பாட்டையாவது தீவிலேயே வாங்கலாமே என்று கேட்டிருந்தேன். மூன்று நாளில் பதில் வந்தது, கருத்துக்கு நன்றி, உணவின் தரத்தையும் ஒவ்வாமை விவரங்களையும் உறுதிசெய்யவே இந்த ஏற்பாடு என்று. ஒவ்வாமை விஷயம் நியாயம்தான், மறுக்கவில்லை. மற்ற எதற்கும் பதில் இல்லை.

மூன்று வாரம் கழித்து அம்மாவே ஆரம்பித்தார். "அந்தப் பொம்பளைகிட்ட மன்னிப்புக் கேக்கணும் தம்பி." எந்தப் பொம்பளை என்று கேட்டேன். "வானொலிய நிறுத்தினாளே, அவதான்." உள்ளே இருந்தது பெண் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கொடியில் இருந்த துணியைப் பார்த்திருப்பார்.

இம்முறை செவ்வாய்க்கிழமை. விடுப்பு எடுத்துக்கொண்டேன், மகளுக்கு அன்று பள்ளி இல்லை. ஈசூனிலிருந்து 969-ஆம் எண் பேருந்து, தெம்பனிஸில் மாறி 29. சாங்கி கிராமத்து உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) முகர்ந்ததோடு சரி, வயிற்றைத் தீவுக்காக வைத்துக்கொண்டோம். படகுத்துறையில் ஆள் சேர நாற்பது நிமிடம் ஆனது. படகுக்காரர்கள் பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள். கடைசியில் ஒன்பது பேரோடு கிளம்பினோம், காலி இடங்களுக்கான காசை எல்லாரும் பகிர்ந்துகொடுத்தோம். அந்தச் சில்லறையும் கணக்கில் உண்டு.

நானும் மகளும் ஆளுக்குப் பத்து வெள்ளிக்கு சைக்கிள் எடுத்தோம். அம்மாவுக்குத் தீவுக்காரர் ஒருவருடைய வேன், செக் ஜாவா போய்வர 30 வெள்ளி பேசினோம். நாங்கள் மேட்டில் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது, அம்மா அந்த வேன்காரரோடு நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எந்த மொழியில் என்று கேட்கிறீர்களா? அம்மாவுக்கு சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் தெரிந்தது சந்தை மலாய். ஐம்பது ஆண்டுக்கு முன் இந்த ஊரில் எல்லாரையும் கட்டிவைத்திருந்த மொழி. என் மகளின் தலைமுறைக்கு அது 'சுடா மகான்' (சாப்பிட்டாச்சா) என்பதோடு முடிந்துவிடுகிறது.

வேன்காரர் சொன்னதை அம்மா எனக்கு மொழிபெயர்த்தார். ஒருகாலத்தில் தீவில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள், பள்ளிக்கூடம் இருந்தது. கல்லுடைப்பு குறையக் குறைய ஆட்களும் குறைந்தார்கள், பள்ளி 1985-ல் மூடியது. இன்று தங்கியிருப்பவர்கள் சில பத்துப் பேர்தான். 2013-ல் நில வாடகை பற்றி ஒரு கடிதம் வந்து, வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்களோ என்று எல்லாரும் நடுங்கிப்போனார்கள். யாரையும் வெளியேற்றப்போவதில்லை என்று அரசு பிறகு விளக்கம் கொடுத்தது. "விளக்கம் வர வரைக்கும் தூக்கம் வரலையாம்" என்றார் அம்மா. தேசிய மின்கட்டமைப்பும் குழாய்நீரும் தீவுக்கு வந்ததில்லை. 2013-ல் படகுத்துறைப் பக்கம் சூரிய ஒளியோடு சேர்ந்த சிறு மின்கட்டமைப்பு சோதனையாக அமைந்தது. உள்ளே தள்ளியிருக்கும் வீடுகளுக்கு இன்னமும் ஜெனரேட்டரும் கிணறும்தான். அரிசி மூட்டை, எரிவாயுக் கலன், டீசல் எல்லாம் படகில்தான் வரவேண்டும்.

திரும்பும்போது அந்த வீடு. அம்மா வேனை முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினார். வேலிக்கு வெளியே நின்று சத்தமாகக் குரல் கொடுத்தார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று அவர் சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். செம்பவாங்கில் மலாய்க்காரர் வீட்டுக்குப் போனால் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு மக்சிக் (மூத்த மலாய்ப் பெண்களை அப்படித்தான் அழைப்பது) வெளியே வந்தார். வீட்டிலிருந்தவர் பெண்தான், அம்மாவின் ஊகம் சரி.

"அப்பா கபார், காக்?" (எப்படி இருக்கீங்க, அக்கா?) என்று ஆரம்பித்த பேச்சு முக்கால் மணி நேரம் போனது. நானும் மகளும் திண்ணைப் படியில் உட்கார்ந்து, அவர் கொடுத்த சிரப்புத் தண்ணீரைக் குடித்தோம். மன்னிப்பு விஷயத்தை அம்மா எடுத்ததும் மக்சிக் சிரித்துவிட்டார். வருகிறவர்கள் படம் எடுப்பது பழகிவிட்டதாம். ஆனால் உள்ளே தொழுகை விரிப்பில் இருக்கும்போது சன்னல் வழியாகக் கேமரா எட்டிப் பார்த்தால் மட்டும் கஷ்டமாக இருக்கும் என்றார். யாராவது தண்ணீர் கேட்டால் கொடுப்பார், சைக்கிள் சங்கிலி கழன்றால் மாட்டிக்கொள்ளத் துணி கொடுப்பார். அந்த மாதிரி வருகிறவர்கள் பேர் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் அவர் கண்ட வித்தியாசம்.

நான் அம்மா மூலமாக ஒரு கேள்வி கேட்டேன். இன்னும் நிறையப் பேர் வந்தால் நல்லதா? கணக்குக்காரன் புத்தி, ஆள் கூடினால் வருமானம் கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். மக்சிக் யோசிக்காமல் தலையாட்டி மறுத்தார். சனி ஞாயிறு வருகிற கூட்டமே அதிகம். குப்பை, சத்தம், குறுகிய சாலையில் சைக்கிள் மோதல், குரங்குக்குத் தீனி போடுகிறவர்கள். போட்டுப் பழக்கிவிட்டு இவர்கள் படகேறிவிடுவார்கள், குரங்கு அடுத்த நாள் இவர் வீட்டு அடுப்படிக்கு வரும். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை கடைத்தெரு ஈ ஓட்டுகிறது. சனிக்கிழமை மழை பெய்தால் அந்த வாரமே போச்சு. "அதே ஆளுங்க பிரிஞ்சு பிரிஞ்சு வந்தாப் போதும்னு சொல்றாங்க" என்றார் அம்மா. எந்த விளம்பரத்திலும் இந்த வரியை நான் பார்த்ததில்லை. இருக்கிற கூட்டத்தைக் கிழமை மாற்றி வரச் சொன்னாலே போதும் என்று அந்தப் படியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

பகல் சாப்பாடு கடைத்தெருவில். நீராவியில் வேகவைத்த மீன், கங்கோங் கீரை, முட்டை, சோறு, 56 வெள்ளி. மீன் அருமை, கங்கோங்கில் உப்பு தூக்கல். பரிமாற அரை மணி நேரம் ஆனது, ஏனென்றால் சமைப்பவர், பரிமாறுபவர், காசு வாங்குபவர் மூவரும் ஒருவரே. பிறகு போன முறை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கடையில் மூன்று இளநீர், 12 வெள்ளி. அவருக்கு எங்களை நினைவில்லை.

இரண்டாவது கணக்கு: படகு 24, காலி இடத்துக்கு எங்கள் பங்கு போகவர 8, சைக்கிள் 20, வேன் 30, சாப்பாடு 56, இளநீர் 12. மொத்தம் 150 வெள்ளி. முதல் பயணத்தில் பாதி. அத்தனையும் படகுக்காரர், தீவுக்காரர் கையில் நேராகக் கொடுத்தது.

கணக்கை நேர்மையாக முடிக்கவேண்டும் என்றால் இன்னொரு பத்தியும் எழுதவேண்டும். 150 வெள்ளியும் தீவிலேயே தங்காது. மீனையும் அரிசியையும் இளநீரையும் அவர்கள் கரையிலிருந்துதான் வாங்கிவருகிறார்கள். படகுக்காரர் பலரும், கடைக்காரர் சிலரும் பெருந்தீவில் குடியிருப்பவர்கள். கைமாறியதில் எவ்வளவு அவர்களுக்கு மிஞ்சும் என்பதற்கு என்னிடம் ரசீது இல்லை. அதோடு, வழிகாட்டி இல்லாத இரண்டாம் பயணத்தில் செக் ஜாவா மரப்பாலத்தில் நாங்கள் பார்த்தது பாதிதான். முதல்முறை அவர் காட்டியிராவிட்டால் மகள் சேற்று மீனைச் சேறு என்றே நினைத்திருப்பாள். அறிவுக்குக் கூலி உண்டு, அதைக் கொடுக்க நான் தயார். அந்த இளைஞரே தனியாக ஆளுக்கு 40 வெள்ளி கேட்டு, சாப்பாட்டைக் கடைத்தெருவில் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், வயதானவர்களுக்குத் தீவு வேனைப் பேசித்தருகிறேன் என்றால் மறுபேச்சில்லாமல் வருவேன். இந்த மாற்றத்துக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

சொந்த சைக்கிள், சொந்தத் தண்ணீர், சொந்த ரொட்டியோடு வந்து, சுற்றிவிட்டுப் போகிறவர்களும் நிறைய. நானே கல்லூரிக் காலத்தில் அப்படித்தான் போவேன், சிக்கனம் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். அவர்கள் தீவில் விடுவது டயர் தடத்தை மட்டும்தான். குப்பையையும் விட்டால் அதுவும் சேரும். இளநீர் நாலு வெள்ளியா என்று முகம் சுளிப்பவர்கள் அது படகேறி வந்ததை மறந்துவிடுகிறார்கள்.

மதிப்பெண் போடாவிட்டால் விமர்சனம் ஆகாதாம், மகள் சொல்கிறாள். வழிகாட்டியோடு போன பயணத்துக்கு ஐந்தில் இரண்டரை. இரண்டு வழிகாட்டிக்கு, அரை சாப்பாட்டுக்கு. சான்றிதழுக்கு ஒன்றுமில்லை. நாங்களாகப் போனதற்கு நான்கு. கங்கோங் உப்புக்கும் நாற்பது நிமிடக் காத்திருப்புக்கும் ஒன்று குறைத்தேன். மகள் நாலரை கேட்டாள், அது நட்சத்திர மீனுக்காக, ஆனால் அதை அவள் பார்த்தது முதல் பயணத்தில்.

போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள். ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து வெள்ளித் தாளாக இருந்தால் நல்லது. படகில் சைக்கிள் ஏற்றினால் தனிக் காசு. செக் ஜாவாவில் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால்தான் உயிரினங்கள் தெரியும். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள், காட்டுப்பன்றி வந்தால் பையைத் திறக்காதீர்கள். இருட்டும்வரை தங்காதீர்கள், கடைசிப் படகுக்கு ஆள் சேராவிட்டால் பன்னிரண்டு பேர் காசையும் நீங்களே தரவேண்டிவரும்.

விடைபெறும்போது அந்த மக்சிக், மீன் கறிக்குப் போட கறிவேப்பிலை இங்கே சரியாகக் கிடைப்பதில்லை என்று சொன்னாராம். எங்கள் வீட்டுத் தாழ்வாரத் தொட்டியில் அது ஆள் உயரத்துக்கு நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் நடக்க வழியில்லை என்று நகர மன்றத்தில் புகாரே கொடுத்திருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா இப்போதே பழைய நாளிதழை மடித்து எடுத்துவைத்திருக்கிறார், கொத்தைச் சுற்றி எடுத்துப்போக.